ஓட்டு யாருக்கு இருந்தது? பழைய சென்னை நகரத் தொகுதியின் கதை

(தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் கூடிய கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், சென்னைப் பட்டணத்தில் முன்பு இருந்து இப்போது இல்லாமற்போன ஒரு தேர்தல் தொகுதியைப் பற்றியதாகும். தென்காசிப் பக்கத்தில் இருக்கும் நமக்கு, முந்நூற்றைம்பது மைலுக்கு அப்பால் 1920 முதல் 1947 வரை இருந்து மறைந்த ஒரு தொகுதியைப் பற்றி என்ன கவலை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். அதன் கதையைக் கேட்டால்தான், இன்று உங்கள் கையில் இருக்கும் ஓட்டு எப்பேர்ப்பட்டது என்பது விளங்கும் என்பதாலேயே அதைச் சொல்ல வந்திருக்கிறோம்.

1919ஆம் வருஷத்து இந்திய சர்க்கார் சட்டத்தின்படி டில்லியில் இந்திய சட்டசபை என்று ஒன்று ஏற்பட்டது. இன்றைய பார்லிமெண்டின் லோக்சபைக்கு அதைத்தான் மூதாதை என்று சொல்லவேண்டும். அதில் 145 அங்கத்தினர்கள். அவர்களில் 104 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்; மீதி 41 பேர் சர்க்கார் நியமித்தவர்கள். ஆந்திர ஜில்லாக்களும் மலையாள ஜில்லாவும் சேர்ந்திருந்த அன்றைய சென்னை மாகாணம் முழுமைக்கும் கிடைத்தவை 16 ஸ்தானங்கள். முகமதியருக்கு 3, ஐரோப்பியருக்கு 1, ஜமீன்தார் மிராசுதார்களுக்கு 1, வியாபாரிகளுக்கு 1 போக, முகமதியரல்லாதாருக்கு 10. இந்தப் பத்தில் ஒன்பது நாட்டுப்புறத் தொகுதிகள். நகரத் தொகுதி என்று இருந்தது ஒன்றே ஒன்று. அதுதான் சென்னை நகரத் தொகுதி.

இப்போது கொஞ்சம் கணக்குப் பாருங்கள். 1921ஆம் வருஷத்து ஜனக் கணக்குப்படி சென்னை நகரத்தின் ஜனத்தொகை சுமார் 5 லட்சத்து 27 ஆயிரம். அதற்கு ஒரு அங்கத்தினர். நம் பக்கத்துக்கு என்ன கிடைத்தது? மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி ஆகிய மூன்று ஜில்லாக்களையும் ஒன்றாகக் கட்டி, 50 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களுக்கு ஒரு அங்கத்தினர்! அதாவது, அன்றைய சர்க்காரின் தராசில் பட்டணத்து ஆள் ஒருவனை ஒரு தட்டில் வைத்தால், நம் பக்கத்து ஆட்கள் பத்துப் பேரை மற்றத் தட்டில் வைக்கவேண்டும். பக்கத்திலிருக்கும் செங்கோட்டைக்காரர்களுக்கு இந்தப் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அன்று செங்கோட்டை திருவாங்கூர் மகாராஜாவின் ராஜ்யத்தில் இருந்தது. 1956ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதிதான் அது தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆகவே அவர்கள் அந்தச் சட்டசபைக்கு ஓட்டுப் போடும் பேச்சே எழவில்லை.

சரி, பட்டணத்தார் எல்லோரும் பாக்கியசாலிகள் என்று நினைத்து விடாதீர்கள். 5 லட்சத்து 27 ஆயிரம் பேருக்கு ஒரு ஸ்தானம் இருந்ததே ஒழிய, 5 லட்சத்து 27 ஆயிரம் பேருக்கும் ஓட்டு இருக்கவில்லை. குறிப்பிட்ட தொகைக்கு மேல் வரி செலுத்துகிறவனும், சொத்து உள்ளவனும்தான் ஓட்டர். 1918ஆம் வருஷத்தில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1921இல் பெரம்பூர் பக்கிங்காம் கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் வேலைநிறுத்தம் செய்ததைப் பற்றி அதிகாரிகளும் முதலாளிகளும் பத்திரிகைகளும் பேசினார்கள். ஆனால் அந்தத் தொழிலாளிகளில் பெரும்பாலோருக்குத் தங்கள் பட்டணத்தின் பேரால் டில்லிக்கு யார் போவது என்று சொல்ல உரிமை இல்லை. கைவண்டி இழுத்தவனுக்கு இல்லை. கடலுக்குப் போன மீனவனுக்கு இல்லை. தெருக்கூட்டியவனுக்கு இல்லை. பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் சுமார் 25 கோடி ஜனங்களில் 1920ஆம் வருஷத்தில் இந்தச் சட்டசபைக்கு ஓட்டு இருந்தவர்கள் சுமார் 9 லட்சம் பேர்தான். 250 பேருக்கு ஒருவர் என்று சொன்னால்கூட அது அதிகம்.

அந்தச் சிலர் யார் யாரை அனுப்பினார்கள் என்று பாருங்கள். 1920இல் காங்கிரஸ் ஒத்துழையாமை பேசித் தேர்தலைப் பகிஷ்கரித்தது. சென்னை நகரத்திலிருந்து திவான்பகதூர் டி. ரங்காச்சாரியார் போனார். 1923இலும் அவரே போய், அச்சபையின் உபதலைவராகவும் ஆனார். 1926இல் சுயராஜ்யக் கட்சியின் பேரால் எஸ். சீனிவாச ஐயங்கார் போனார். அவர் முன்பு மாகாண அட்வகேட் ஜெனரலாக இருந்தவர். அந்த வருஷக் கடைசியில் கௌஹாத்தி காங்கிரசுக்கும் தலைமை வகித்தவர். 1930இல் காங்கிரஸ் மறுபடியும் விலகி நிற்க, ஜஸ்டிஸ் கட்சியைச் சேர்ந்த ஏ. இராமசாமி முதலியார் வந்தார். 1934இல் அவரைத் தோற்கடித்து எஸ். சத்தியமூர்த்தி வந்தார். அதற்குப் பிறகு பதினொரு வருஷம் பொதுத்தேர்தலே இல்லை. 1945இல்தான் அடுத்த தேர்தல் நடந்தது.

இந்த நால்வரும் வக்கீல் படிப்புப் படித்தவர்கள், நாவன்மை உள்ளவர்கள். அவர்களுடைய கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி நாம் எதுவும் குறைத்துச் சொல்ல வரவில்லை. நாம் கேட்பது வேறு. ஆலைத் தொழிலாளியும், பறைச்சேரிக்காரனும், பெண்களும் நிறைந்த ஒரு பட்டணத்துக்கு, வக்கீல் மேசையிலிருந்துதான் பிரதிநிதி வரமுடியும் என்று ஆனதற்குக் காரணம் என்ன? அறிவு அங்கே மட்டும் இருந்ததாலா? அல்ல. ஓட்டு அங்கே மட்டும் இருந்ததால்தான்.

இதற்கு ஒரு ருஜு காட்டுகிறோம். பரங்கிமலையில் பிறந்தவர் எம். சி. ராஜா. ஆதிதிராவிட மக்களின் தலைவர், உபாத்தியாயராக இருந்தவர், கல்வியிலும் பேச்சிலும் மேற்சொன்னவர்களுக்குச் சளைக்காதவர். 1927இல் அவரும் இந்திய சட்டசபைக்குப் போனார். எப்படிப் போனார்? சென்னை நகரத்து ஓட்டர்கள் அனுப்பிப் போனாரா? இல்லை. சர்க்கார் நியமனத்தினால் போனார். ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்காக அச்சபையில் வந்து உட்கார்ந்த முதல் மனிதர் அவர். தன் ஜனங்களுக்கு ஓட்டு இல்லை; ஓட்டு உள்ளவர்களோ அவரைத் தெருவில் கண்டால் ஒதுங்குகிறவர்கள். அப்படியானால் வைசிராய் தயவைத் தவிர வேறு வழி ஏது? திறமை இருந்தால் யாரும் மேலே வரலாம், தனி ஸ்தானம் எதற்கு என்று கேட்கிறவர்கள், எம். சி. ராஜா எந்த வாசல் வழியாக அந்தக் கட்டடத்துக்குள் போனார் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும்.

சென்னை மாகாண சட்டசபையில் அன்று பார்ப்பனரல்லாதாருக்கே ஸ்தானம் ஒதுக்க வேண்டியிருந்தது என்பதையும் நீங்கள் அறியவேண்டும். முகமதியரல்லாதாருக்கான 65 ஸ்தானங்களில் 28ஐ 1920இல் மெஸ்டன் தீர்ப்பு பார்ப்பனரல்லாதாருக்கு என்று ஒதுக்கியது. ஜனத்தொகையில் பெரும்பான்மையாய் இருந்தவர்களுக்கே ஒதுக்கீடு வேண்டியிருந்தது என்றால், அடிமட்டத்தில் கிடந்தவர்களுக்கு அது வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இனி, சொத்தும் படிப்பும் உள்ளவனே சட்டம் செய்யத் தகுந்தவன் என்ற வாதத்தைப் பார்ப்போம். 1929இல் குழந்தை மணத் தடுப்பு மசோதா, அதாவது சாரதா மசோதா, அதே இந்திய சட்டசபையில் வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 வயது ஆகாமல் கலியாணம் கூடாது என்பதுதான் அதன் சாரம். இதைச் சாஸ்திர விரோதம் என்றும், மத விஷயத்தில் சர்க்கார் தலையிடக்கூடாது என்றும் எதிர்த்தவர்கள் படியாத பாமரர்களா? சென்னையை ஒட்டிய செங்கற்பட்டு - தென்னாற்காடு தொகுதியின் அங்கத்தினர் எம். கே. ஆச்சாரியார் அதை மும்முரமாய் எதிர்த்தார். எட்டு வயதில் தாலி ஏறி, பத்து வயதில் தாலி அறுக்கும் குழந்தையைக் கேட்டு அல்ல, ஆயிரத்தில் நாலு பேரைக் கேட்டுத்தான் அச்சபை அமைந்தது. நல்லவேளையாக மசோதா நிறைவேறி 1930ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்தது. ஆனால், படிப்பும் சொத்தும் மனிதனுக்கு நியாய புத்தியைத் தானாகக் கொடுத்துவிடும் என்ற நம்பிக்கையை அந்த விவாதமே உடைத்துவிட்டது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 1920இல் பெண்களுக்கு ஓட்டுக் கிடையாது. 1921ஆம் வருஷம் ஏப்ரலில் சென்னை மாகாண சட்டசபைதான், இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாக, பெண் என்பதற்காக ஓட்டு மறுக்கக்கூடாது என்று தீர்மானித்தது. நல்ல காரியந்தான். ஆனால் சொத்து இருந்தால்தானே ஓட்டு? பெண்ணுக்குச் சொத்துரிமையே இல்லாத ஊரில், சொத்துள்ள பெண்ணுக்கு ஓட்டு உண்டு என்றால், பல் இல்லாதவளுக்குப் பட்டாணி கொடுத்த கதைதான். 1934ஆம் வருஷத் தேர்தலில் இந்தியா முழுவதிலும் சுமார் 14 லட்சம் ஓட்டர்கள். அவர்களில் பெண்கள் சுமார் 81 ஆயிரம். அப்படியிருந்தும் 1945இல் சென்னையிலிருந்து அம்மு சுவாமிநாதன் என்ற பெண்மணி அச்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கதவு ஓர் அங்குலம் திறந்தால்கூட வரக்கூடியவர்கள் இருந்தார்கள் என்பதற்கு இதுவே சாட்சி.

1947இல் அச்சபை மறைந்தது. அதோடு அந்தச் சென்னை நகரத் தொகுதியும், முகமதியர், முகமதியரல்லாதார் என்ற பிரிவும், வரிக் கணக்கும் மறைந்தன. 1950ஆம் வருஷம் ஜனவரி 26ந் தேதி அமுலுக்கு வந்த அரசியல் சட்டம் 21 வயது ஆன எல்லோருக்கும் ஓட்டு என்றது. 1989 முதல் அந்த வயது 18 ஆயிற்று. 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் சுமார் 17 கோடிப் பேர் ஜாபிதாவில் இருந்தார்கள். 9 லட்சம் எங்கே, 17 கோடி எங்கே!

ஆனால் அதிலும் ஒரு வெட்கக்கேட்டைக் கேளுங்கள். அந்த ஜாபிதா தயாரித்தபோது, வட இந்தியாவில் பல லட்சம் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று மட்டுமே எழுதிக்கொண்டார்கள். பெயர் இல்லாதவர்களை ஓட்டராக ஏற்க முடியாது என்று, சுமார் 28 லட்சம் பெண்களை ஜாபிதாவிலிருந்து எடுத்துவிட்டார்கள். சட்டம் ஓட்டைக் கொடுத்தது. வழக்கம் அதைப் பிடுங்கிக்கொண்டது. தன் பெயரைத் தானே சொல்லக்கூடாது என்று பழக்கப்பட்டவளுக்குச் சட்டத்தால் மட்டும் என்ன பயன்? இதனால்தான் அரசியல் உரிமைக்கு முன் சுயமரியாதை வேண்டும் என்கிறோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். அன்று மூன்று ஜில்லாவோடு சேர்த்துக் கட்டப்பட்டுக் கிடந்த தென்காசிக்கு இன்று தனியாக ஒரு பார்லிமெண்டுத் தொகுதி இருக்கிறது. அது தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. 2014இல் வசந்தி முருகேசனும், 2024இல் டாக்டர் ராணி ஸ்ரீகுமாரும் இங்கிருந்து டில்லிக்குப் போனார்கள். அவர்களுடைய கட்சிகள் வேறு வேறு. எந்தக் கட்சிக்கும் சிபார்சு செய்ய நாம் வரவில்லை. அன்று சென்னைப் பட்டணமே அனுப்ப மறுத்த வகுப்பிலிருந்து, அன்று ஓட்டே இல்லாத பாலிலிருந்து, இன்று நம் பட்டிக்காடுகள் பிரதிநிதியை அனுப்புகின்றன என்பதை மட்டும் கவனியுங்கள்.

இதைக் கண்டு, இந்தத் தொகுதி எத்தனை காலத்துக்குத்தான் ஒதுக்கியே கிடக்கும் என்று டீக்கடைகளில் முணுமுணுக்கிறவர்கள் உண்டு. அவர்களைக் கேட்கிறோம்: ஒதுக்காத தொகுதிகளில் எத்தனை கட்சிகள் தாழ்த்தப்பட்ட ஒருவரை அபேட்சகராக நிறுத்துகின்றன? உங்கள் தெருவில் அவரை வீட்டுக்குள் அழைத்துத் தண்ணீர் கொடுக்க எத்தனை பேர் தயார்? அந்த நாள் வரட்டும், ஒதுக்கீடு தானாக வேண்டாததாகி விடும். நோய் இருக்கும்போதே மருந்தைக் குறை சொல்வது வைத்தியம் ஆகாது. ஒதுக்கிய தொகுதியிலும் ஓட்டுப் போடுகிறவர்கள் எல்லா ஜாதியாருந்தான். ஆகையால், வந்த அங்கத்தினரை நம்முடையவர் என்று கேள்வி கேட்கும் உரிமையும் எல்லோருக்கும் உண்டு. பீடி சுற்றும் பெண்ணின் கூலிக்கு என்ன செய்தீர், குளத்துப் பாசனத்துக்கு என்ன செய்தீர் என்று கேளுங்கள். என்ன ஜாதி என்று கேட்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. அன்று உங்கள் பாட்டன் காசு கொடுத்தாலும் ஓட்டு வாங்க முடியாது. வரி கட்டும் அளவுக்குச் சொத்து இருந்தால்தான் கிடைக்கும். இன்று உங்களுக்குக் காசில்லாமல் கிடைத்ததை நீங்கள் காசுக்கு விற்கிறீர்கள். விற்றவனுக்குக் கேள்வி கேட்கும் வாய் எங்கே இருக்கும்? பணக்காரனுக்கு மட்டுமே ஓட்டு என்ற சட்டத்தை எடுத்துவிட்டோம். ஏழையின் ஓட்டைப் பணக்காரன் வாங்கிக்கொண்டால், பழைய சென்னை நகரத் தொகுதி குத்துக்கல்வலசைக்கே குடிவந்து விட்டது என்றுதான் அர்த்தம். ஜாதித் தலைவர் சொன்னார் என்று போடுவதும், புருஷன் சொன்னான் என்று போடுவதும், சாமி முன்னால் சத்தியம் வாங்கினார்கள் என்று போடுவதும் இதே ரகந்தான். ஓட்டுச் சாவடியின் மறைப்புக்குள் நீங்கள் தனியாகத்தான் போகிறீர்கள். உங்கள் புத்தியை வெளியே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

நாம் சொன்ன இவற்றையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய், உங்களுக்குள் பேசி, சரி என்று பட்டதை மட்டும் கைக்கொள்ளுங்கள்.