மேலே ஓசோன், கீழே தென்பெண்ணை
(நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு)



அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் படலம் மெலிந்து வருவதை 1985இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இரண்டே ஆண்டுகளில் ஓசோனைக் காக்க மான்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தானது. அதற்குக் கட்டுப்பட்டு, ஓசோனை அழிப்பவையும் மேட்டூரிலும் தயாராகிவந்தவையுமான குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்களின் உற்பத்தியை, ஆஸ்துமா மருந்துத் தேவை நீங்கலாக, இந்தியா 2008இல் நிறுத்தியது.

ஓசோன் மெலிந்தால் ஏரிக்கு என்ன ஆகும்? 280 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புற ஊதா-பி கதிர் கூடுதலாக நீரில் இறங்கும். மட்கிய இலைதழையிலிருந்து கரைந்து நீரைப் பழுப்பாக்கும் கரிமப் பொருள்கள் அதை உறிஞ்சிச் சிதையும். அப்போது ஹைட்ரஜன் பெராக்சைடு பிறக்கும். நைட்ரேட்டும் ஒளிபட்டு உடைந்து, கண்ணிமைக்கும் நேரம்கூட நிலைக்காத ஹைட்ராக்சில் தனி உறுப்பைத் தரும். எதிர்ப்படும் மாசையெல்லாம் அது தாக்கும். கிருமிகளை வெயில் கொல்வதிலும் இந்த வேதியியலுக்குப் பங்கு உண்டு.

ஆனால் வெயில் படுவதெல்லாம் நன்மையாகவே முடிவதில்லை. சில சோப்புகளில் கலந்த டிரைக்ளோசான், ஆற்று நீரில் ஒளிபட்டு டையாக்சின் வகைச் சேர்மமாக மாறுவதை ஆய்வுக்கூடங்கள் காட்டியுள்ளன.

துருவங்களில் நேர்ந்த மெலிவு நம் வெப்பமண்டல வானில் பெரிதாக நேரவில்லை. இங்கே ஓசோன் இயல்பிலேயே குறைவு. சூரியனும் உச்சிக்கு வந்து காய்வதால் புற ஊதாக் கதிருக்குப் பஞ்சமே இல்லை. ஆக, ஓசூர்க்காரராகிய நாம் கவலைப்பட வேண்டியது மேலே இருப்பதைப் பற்றியல்ல.

நந்தி மலையில் பிறந்து தட்சிண பினாகினி என்ற பெயரோடு வரும் தென்பெண்ணையில், பெங்களூருவின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவுநீர் கலக்கிறது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையின் மதகைத் திறந்தால், சலவைத்தூளின் நுரை வெண்மேடாகக் குவிந்து, காற்றில் பறந்து வயலில் விழுகிறது. நுரை மூடிய நீரில் வெயில் இறங்குவதில்லை. கலங்கிய கழிவுநீரிலோ புற ஊதாக் கதிர் சில சென்டிமீட்டரிலேயே தீர்ந்துபோகும். பிறக்கும் ஹைட்ராக்சிலையும் கரிமக் கழிவே விழுங்கிவிடும். அடிநீர் இருட்டில் அழுகுகிறது. மேலே வெயில் இருந்தும் ஏரிக்கு அது எட்டவில்லை. இதில் பெங்களூருவை மட்டும் குறைகூறித் தப்ப முடியாது. நம் வீட்டுச் சாக்கடையும் ஆலைக் கழிவும் எங்கே போய்ச் சேர்கின்றன என்று நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 20 சென்டிமீட்டர் அகலத்தில் கறுப்பு வெள்ளைத் தட்டு ஒன்றைச் செய்து, ஆசிரியர் துணையோடு ராமநாயக்கன் ஏரியிலும் கெலவரப்பள்ளியிலும் மாதந்தோறும் கயிற்றில் இறக்குங்கள். அது கண்ணுக்கு மறையும் ஆழம் நீரின் தெளிவைக் காட்டும்; அதைக் குறித்து வாருங்கள். அந்த அளவுகளை இரு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கும் அனுப்பி, சுத்திகரிக்காத நீரை ஆற்றில் விட அனுமதிக்காதீர்கள் என்று கேளுங்கள். உலகம் கூடி ஓசோனைக் காக்க முடிந்தது. இரண்டு மாநிலங்கள் கூடி ஓர் ஆற்றைக் காக்க முடியாதா?