ஓடுபாதையில் ஒரு தீர்மானம்

நெல்லியடிச் சந்தியிலே காரேறி, வல்லை வெளியைக் கடந்து, அச்சுவேலி வழியாகப் பலாலியை அடையும் பிரயாணிக்குச் சென்னை தொலைவான ஊரன்று. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயர் சிலோனின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, பலாலியில் இறங்கி, பின் சென்னை சென்றது. போரினால் நெடுங்காலம் தடைப்பட்டிருந்த அவ்வழி 2019 நவம்பரில் மீண்டும் திறந்தது. அன்றைய டக்கோட்டாவுக்கும், வழி திறந்தபோது வந்த ஏ.டி.ஆர். 72 விமானத்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் விசிறி பூட்டிய இரண்டே எஞ்சின்களை நம்பி எழுபவை. ஓடுபாதையில் விரைந்தோடும் வேளையிலே அவற்றுள் ஒன்று நின்றுவிட்டால் என் செய்வது?

இவ்வினாவுக்கு விடை விமானம் அசையுமுன்னரே கூறப்பட்டுவிடுகின்றது. விமானத்தின் பாரம், பாதையின் நீளம், காற்று, வெப்பம் ஆகியவற்றைக் கொண்டு விமானிகள் ஒரு வேகத்தைக் கணக்கிட்டுக்கொள்கின்றனர். அதனைத் தீர்மான வேகம் எனலாம். அவ்வேகத்தை எட்டுமுன் எஞ்சின் பழுதுற்றால், விசையைக் குறைத்து, பிரேக்கை அழுத்தி, எஞ்சிய பாதைக்குள் விமானத்தை நிறுத்திவிடுவர். எட்டியபின் பழுதுற்றாலோ, நிறுத்த முயல்வதே ஆபத்து; பாதை போதாது. மற்றை எஞ்சினின் வலிமையால் எழுந்தே தீரவேண்டும். அவ்வாறு எழவல்ல விமானத்துக்கே பிரயாணிகளை ஏற்றிச்செல்ல இன்றைய விதிகள் இடந்தருகின்றன. அவ்வேகம் வந்ததும் விமானி விசைக்கோலிலிருந்து கையை எடுத்துவிடுவார். இனி நிறுத்துவதில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

எழுந்த விமானத்தின் மூக்கு, நின்றுபோன எஞ்சின் பக்கமாகத் திரும்பப் பார்க்கும். மறுபக்கத்து மிதியை அழுத்தி அதனை நேரே நிறுத்துவது முதற் கடமை. சக்கரங்களை உள்ளிழுத்து, வேகங் குன்றாமல் உயர்வது அடுத்தது. நின்ற விசிறியின் தகடுகள் காற்றைத் தடுக்காவண்ணம் திரும்பவும் வேண்டும். டக்கோட்டாவில் விமானி பொத்தானை அழுத்தி இதனைச் செய்தார், ஏ.டி.ஆர். தானே செய்துகொள்ளும். ஏறக்குறைய நானூறு அடி உயரும்வரை வேறெதற்கும் அவசரப்படுவதில்லை. அதன்பின் ஒருவர் பழுதுற்ற எஞ்சின் இன்னதெனச் சொல்ல, மற்றவர் கருவிகளைப் பார்த்து ஆமென்ற பிறகே அதனை அணைப்பர்.

இருவர் ஏன் பார்க்கவேண்டும்? 2015 பெப்ரவரி 4ஆம் திகதி தைவானின் தாய்ப்பே நகரில் எழுந்த ஓர் ஏ.டி.ஆர். 72 விமானம் இதற்குத் துயரமான விடை தந்தது. அதன் வலப்புற விசிறி ஒரு பழுதான கருவியின் பிழையால் விசை இழந்தது. இடப்புற எஞ்சின் குறைவின்றி இயங்கியது. அதுவொன்றே விமானத்தைக் காத்திருக்கும். ஆயினும் தலைமை விமானி பதற்றத்தில் அந்த நல்ல எஞ்சினையே அணைத்துவிட்டார். பிழையை உணர்ந்து மீண்டும் இயக்குமுன் விமானம் ஆற்றில் வீழ்ந்தது. இருந்த 58 பேரில் 43 பேர் மாண்டனர். எஞ்சின் ஒன்று நின்றதனால் அவ்வுயிர்கள் போகவில்லை. ஆராயாது அணைத்ததனாலேயே போயின.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் வாக்கு. அப்பதறாமை பிறவியில் வருவதன்று. தரையில் அமைந்த மாதிரி விமான அறையில், எதிர்பாரா வேளையில் எஞ்சினை நிறுத்தி, விமானிகளை மீண்டும் மீண்டும் பழக்குகின்றனர். பலாலியில் விமானம் எழும்போது கையசைத்து நிற்கும் உறவினர் காதில் விழுவது எஞ்சின்களின் ஓசை மட்டுமே. அவ்வோசை பாதியாகக் குறைந்தாலும் செய்யவேண்டியது இன்னதென்று உள்ளேயிருக்கும் இருவரும் முன்னரே பேசி முடித்திருப்பர்.