கல்லூரி ஆசிரியருக்கும் ஒரு கௌரவம்

(மாட்டுப்பட்டியில் நடந்த அங்கத்தினர் குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரை)

பாலக்காடு, கோயம்புத்தூர், சென்னை, மும்பை என்று பல ஊர்களிலிருந்து மலையேறி வந்திருக்கிறீர்கள். வெளியே அணையும் படகும் காத்திருக்கும்போது ரிடையரான கணக்கு வாத்தியாரின் பேச்சைக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் வகுப்பை 32 வருஷம் எடுத்துப் பழகினவன் நான். ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

காலையில் நல்ல மார்க் வாங்கிய குழந்தைகளுக்குப் பரிசு கொடுத்தோம். ரொம்ப ஸந்தோஷம். மேடையில் குழந்தை, பக்கத்தில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி. பாடம் சொல்லிக்கொடுத்தவரை மட்டும் காணோம்.

பாலக்காட்டுக்காரர்கள், "டி.என். சேஷன் எங்கள் விக்டோரியா கல்லூரியில் படித்தவராக்கும்" என்று பெருமையாகச் சொல்வோம். அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர் யார் என்று கேட்டால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்போம். கல்லூரி ஆசிரியரின் விதி அப்படி!

அரசாங்கமும் நம்மைப் போலத்தான் இருந்தது. நல்லாசிரியர்களுக்கான தேசிய விருது 1958-ல் ஏற்பட்டது. 1962 முதல் செப்டம்பர் 5-ஆம் தேதியை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். அது யாருடைய பிறந்த நாள்? டாக்டர் ராதாகிருஷ்ணனுடையது. அவர் 1909-ல் சென்னை பிரசிடென்ஸி கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு மைசூரிலும் கல்கத்தாவிலும் தத்துவம் கற்பித்தவர். ஒரு கல்லூரி ஆசிரியரின் பிறந்த நாளில், பள்ளி ஆசிரியர்களுக்கு மட்டுமே அந்த விருதைக் கொடுத்துவந்தோம். 2023-ல்தான் முதல் முறையாக உயர்கல்வி ஆசிரியர்களையும் சேர்த்தார்கள். அந்த வருஷம் விருது பெற்ற 75 பேரில் 13 பேர் உயர்கல்வியைச் சேர்ந்தவர்கள். 2024-ல் 82 பேரில் 16 பேர். கனடாவில் கல்லூரிப் போதனைக்கான தேசிய விருது 1986-லேயே வந்துவிட்டது, இங்கிலாந்தில் 2000-ல்.

ஏன் இவ்வளவு தாமதம்? நல்ல போதனையை அளப்பது கஷ்டம், காகிதத்தை எண்ணுவது சுலபம். 2010-ல் யு.ஜி.சி. பதவி உயர்வுக்கு ஒரு புள்ளிக் கணக்கு கொண்டுவந்தது. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினால் இத்தனை புள்ளி, கருத்தரங்குக்குப் போனால் இத்தனை புள்ளி. விளைவு, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் இதழ்கள் மலிந்தன. தான் அங்கீகரித்த பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை 2018 மே மாதத்தில் யு.ஜி.சி.யே நீக்க வேண்டியதாயிற்று. அதே வருஷம் விதிகளையும் மாற்றி எழுதினார்கள். ஆனால் கட்டுரை எழுத நேரமில்லாமல், புரியாத பையனைச் சாயங்காலம் உட்கார வைத்து மறுபடி சொல்லிக்கொடுத்தவருக்கு அந்தக் கணக்கில் என்ன கிடைத்திருக்கும்?

சரி, மாணவர்களையே மார்க் போடச் சொன்னால் என்ன என்பார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சென்னை லயோலா கல்லூரியில் 1939 முதல் 1967 வரை கணிதம் கற்பித்தவர் ஃபாதர் ரசீன். பிரான்ஸிலிருந்து வந்த பாதிரியார். பாரிஸில் மகா மேதை எலீ கார்த்தானிடம் டாக்டர் பட்டம் பெற்றவர். அவருடைய வகுப்பு சரளமாக இருக்காது, பின்தொடர்வதே சிரமம் என்று அவரிடம் படித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கே மார்க் போடச் சொல்லியிருந்தால், பாதிப் பேர் குறைத்துத்தான் போட்டிருப்பார்கள்.

ஆனால் அவரிடமிருந்து யார் யார் வந்தார்கள் பாருங்கள். காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரி, எம்.எஸ். நரசிம்மன், ராகவன் நரசிம்மன், சி.பி. ராமானுஜம். அந்தக் காலத்தில் நம் பாடத்திட்டங்களில் இல்லாத புதிய கணிதத்தை அவர்களுக்குக் காட்டி, பம்பாயில் டாடா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகும்படி ஊக்கம் கொடுத்தவர் அவர். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும் 1953-ல் அங்கே சேர்ந்தார்கள். 1965-ல் அவர்கள் இருவர் பெயரிலும் வெளியான தேற்றத்தை உலகம் முழுவதும் படிக்கிறார்கள். சென்னை கணிதவியல் கழகத்தை ஸ்தாபித்தவரும் அதே சேஷாத்ரிதான். ஃபாதர் ரசீனின் அருமை, மாணவர்கள் வெளியே போய் வருஷங்கள் கழிந்த பிறகே தெரிந்தது.

இதிலிருந்துதான் என் யோசனை பிறந்தது. நம் சங்கம் வருஷத்துக்கு ஒரு கல்லூரி ஆசிரியரைக் கௌரவிக்க வேண்டும். அவரே விண்ணப்பம் போடக் கூடாது. படித்து முடித்து ஐந்து முதல் பத்து வருஷம் ஆன பழைய மாணவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதட்டும். "நன்றாக நடத்தினார்" என்று எழுதினால் போதாது. எந்தப் பாடத்தை எப்படிப் புரிய வைத்தார், தோற்ற பையனை என்ன செய்தார் என்று எழுத வேண்டும். அனுமதி பெற்று நம்மில் இருவர் அவர் வகுப்பில் பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கலாம். கட்டுரை எண்ணிக்கையைக் கேட்கவே வேண்டாம். தற்காலிக ஆசிரியர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்; பல கல்லூரிகள் அவர்கள் தோளில்தான் நிற்கின்றன. பரிசை நம் மேடையில் கொடுக்காமல், அவருடைய கல்லூரியில் அவருடைய மாணவர்கள் முன்னால் கொடுப்போம்.

"நம் சங்கத்துப் பணம், நம்மவர்களுக்கு மட்டும்தானே கொடுக்க வேண்டும்?" என்று கமிட்டியில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. பணம் நம் அங்கத்தினர்கள் சேர்த்தது. ஆனால் ஃபாதர் ரசீன், சேஷாத்ரியின் குலம் கோத்திரம் கேட்டா சொல்லிக்கொடுத்தார்? வாங்கினபோது பார்க்காததை, திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் பார்ப்பது அழகல்ல.

ஆரம்பத்தை இந்த மலையிலேயே வைத்துக்கொள்ளலாம். இங்கிருந்து 13 கிலோமீட்டரில் மூணாறு. அங்கே அரசுக் கல்லூரி இருக்கிறது. எஸ்டேட் லயங்களிலிருந்து வரும் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் பேசுவது தமிழ், ஆபீஸில் கேட்பது மலையாளம், பாடப் புத்தகம் இங்கிலீஷ். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்களும் உண்டு. 2018 ஆகஸ்ட் மழையில் மலை சரிந்து கல்லூரிக் கட்டடம் நாசமாயிற்று. பிறகு வேறு கட்டடங்களில் வகுப்பைத் தொடர்ந்தார்கள். அப்படிப்பட்ட நாட்களில் சிரத்தையோடு பாடம் எடுத்தவர்களை அந்த மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாம் போய்க் கேட்டால் போதும்.

தீர்மானம் பொதுக்குழுவுக்கு வருகிறது. அதற்குள் ஒவ்வொருவரும் தங்களுக்குக் கல்லூரியில் பாடம் சொன்ன ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் இருந்தால் ஒரு கடிதம் போடுங்கள், அல்லது போனில் கூப்பிடுங்கள். அதற்குக் கமிட்டியின் அனுமதி வேண்டாம்.