அரை மாத்திரையும் அறையும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கவிதையைக் கண்ணால் படித்து முடித்துவிடுவோர் பெருகிவிட்ட இக்காலத்தும், அதனைச் செவியாற் கேட்டே தீரவேண்டும் என்போர் இவ்வட்டத்தில் உளர். ஒலிநாடாக்களைக் காத்து வைத்திருப்போரும் அவருள் உளர். ஆயினும் அந்த ஒலி எக்கருவியின் வழியே, எவ்வறையைக் கடந்து, எத்தகைய செவியை வந்தடைகிறது என்னும் வினா இலக்கிய மேடைகளில் எழுவதில்லை. அது கடைக்காரர் பேசவேண்டிய பொருள் என்று ஒதுக்கப்படுகிறது. ஒதுக்கியதால் ஒரு வெண்பாவே பொருள் திரிய இருந்த செய்தி ஒன்றுண்டு. அதிலிருந்து தொடங்குவது தகும்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்; அகவை எழுபதை நெருங்கியவர். மறைந்த தம் ஆசான் பாடிச் சொன்ன, அச்சேறாத வெண்பாக்களை ஒலிநாடாவைக் கேட்டு ஏட்டில் பெயர்த்தெழுதி வந்தார். ஆசானின் கையெழுத்துப்படி எதுவும் எஞ்சவில்லை. அக்குரல் ஒன்றே மூலம். குரல் தெளிவாகக் கேட்கவேண்டும் என்னும் ஆர்வத்தால், சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்று, பன்னிரண்டு அங்குல ஊஃபர் பொருத்திய பெரிய ஒலிபெருக்கி இணை ஒன்றை வாங்கிவந்தார். கடையில் அது கம்பீரமாக முழங்கியது. வீட்டிலோ ஆசானின் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போலாயிற்று. அவர் 'வழி' என்று எழுதிய ஓரிடத்தைக் கேட்ட பேத்தி 'வலி' என்றாள். மீண்டும் கேட்டபோது 'வளி'யோ என்ற ஐயமும் எழுந்தது. மூன்றும் நிரையசை, தளை எதனையும் விலக்காது. பொருளும் மூன்றுக்கும் ஒருவாறு பொருந்தி நின்றது. அடியின் முதற்சீராக இருந்திருப்பின் எதுகை காட்டிக் கொடுத்திருக்கும். அச்சொல்லோ மூன்றாம் சீரில் இருந்தது.

பிழை ஒலிபெருக்கியினுடையதன்று. அவருடைய அறை நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்து அடியாக அமைந்த சதுர அறை. வாசத்துக்கு நல்ல அறை. ஒலிக்கோ இதனினும் தீய வடிவம் இல்லை. முப்பது பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்லும். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 3.05 மீட்டர் இடைவெளி இருப்பின், 57 ஹெர்ட்ஸ் அதிர்வும் அதன் இருமடங்காகிய 114 ஹெர்ட்ஸ் அதிர்வும் அங்கே மோதித் திரும்பி மிகுந்து நிற்கும். மூன்று அளவும் வேறுபட்டால் இம்மிகை பல அதிர்வுகளில் பகிர்ந்துவிடும்; மூன்றும் ஒன்றாயின் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். ஆடவர் பேச்சுக் குரலின் அடிநாதம் பெரும்பாலும் 100 முதல் 150 ஹெர்ட்ஸுக்குள் அமைவது. 114 அதன் எல்லைக்குள்ளேயே கிடக்கிறது. போதாக்குறைக்கு, ஒலிபெருக்கிகள் இரண்டும் மூலைகளில் ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. மூலை என்பது தாழ்ந்த ஒலியைப் பெருக்கித் தரும் இடம். கேட்பவர் நாற்காலியோ அறையின் நட்டநடுவில் கிடந்தது. 114 ஹெர்ட்ஸ் அதிர்வு சுவரோரத்தில் முழங்குவது போலவே நடுவிடத்திலும் முழங்கும்.

அறை சொல்லை விழுங்கும் இச்செய்தியை முதன்முதல் முறையாக அளந்தவர் வாலஸ் கிளமென்ட் சபைன். 1895ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூட விரிவுரை அறையைச் சீர்செய்யும் பணி அவ்விளம் இயற்பியலாசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே சொன்ன சொல் ஐந்தரை நொடி வரை கேட்டுக்கொண்டிருக்கும்; பேசுபவர் அதற்குள் பல சொற்களைக் கடந்திருப்பார். சபைன் சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொணர்ந்து பரப்பி, ஆர்கன் குழலொன்றை ஒலித்து, ஓசை அடங்கும் நேரத்தை அளந்தார். பின்னர் மெத்தைகளை உரிய இடத்தில் திரும்ப அடுக்கினார். இவ்வாறு பல இரவுகள். கனஅளவு கூடின் ஓசை நீளும், உறிஞ்சும் பொருள் கூடின் குறுகும் என்னும் அவர் கணக்கின் துணைகொண்டே பாஸ்டன் சிம்ஃபனி மண்டபம் 1900இல் எழுந்தது.

தமிழ்ச் செய்யுளுக்கு இது எத்துணை நெருங்கிய செய்தி என்பதை யாப்பறிந்தார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவாகக் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் காட்டி, ஒற்றுக்கு அதிற்பாதி தருகிறது. மொசைக் தரையும் பூச்சுச் சுவரும் மட்டுமே உள்ள வெற்றறையில், முன்னின்ற உயிரின் எச்ச ஓசை அந்த அரை மாத்திரையை முற்றும் மூடிவிடும். அங்கே எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய ஒலிபெருக்கியும் நெடிலை மட்டுமே ஒப்புவிக்கும். நூல் நிறைந்த அலமாரி, தடித்த திரைச்சீலை, கோரைப்பாயன்றிச் சமுக்காளம், இலவம்பஞ்சு மெத்தை ஆகியவை ஒலிபெருக்கிக்கு முன்னரே தேடத்தக்கவை. புலவர் வீட்டில் நூலுக்குக் குறைவில்லை. அவை வேறோர் அறையில் பூட்டிக் கிடப்பதே குறை.

இனிச் செவி. இளஞ்செவி 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பர். அகவை ஏற ஏற, உயர்ந்த அதிர்வுகளே முதலில் விடைபெறும். உயிரெழுத்தின் வலிமை தாழ்ந்த பகுதியிலும், சகரம் போன்ற மெய்களின் அடையாளம் உயர்ந்த பகுதியிலும் இருத்தலின், முதியவர்க்குக் குரல் கேட்கும், சொல் கேளாது. உடனே ஒலியளவைக் கூட்டுவார். தாழ்ந்த ஒலி உரக்க ஒலிக்குந்தோறும் தன்னினும் உயர்ந்த ஒலிகளை மறைப்பது செவியின் இயல்பாதலால், கூட்டியது கேடாகவே முடியும். எனவே ஐம்பதைக் கடந்தவர், கடைக்குப் போகுமுன் ஒருமுறை செவித்திறன் சோதனை செய்துகொள்வது நலம். இதில் நாணுதற்கு ஒன்றுமில்லை; மூக்குக் கண்ணாடிக்கு எவரும் நாணுவதில்லை.

கடையில் நேரும் மயக்கம் தனிவகை. ஒலி மெலியுங்கால் தாழ்ந்த அதிர்வுகளைச் செவி மிகுதியாக இழக்கும் என்பதை 1933இல் ஃபிளெட்சரும் மன்சனும் வெளியிட்டனர். ஆகவே இரண்டு கருவிகளுள் சற்றே உரக்க ஒலிப்பது செழுமையானதாகத் தோன்றிவிடும். இரண்டையும் ஒரே உரப்பில் வைத்துக் கேட்டாலன்றி ஒப்பீடு செல்லாது. ஒரு காலத்தில் பெட்டிகளின்மேல் ஆயிரக்கணக்கான வாட் என்று அச்சிட்ட பி.எம்.பி.ஓ. என்னும் எண் எப்பொது அளவைக்கும் கட்டுப்படாதது. அதனை உயர்வு நவிற்சி என்று கொள்க.

கடைக்காரர் போட்டுக் காட்டும் இசையைக் கேட்டு மயங்காமல், நன்கு பழகிய மனிதக் குரல் ஒன்றை எடுத்துச் செல்க. செவி வேறெவ்வொலியினும் குரலையே நுட்பமாக அறியும். பிபிசி நிறுவனத்துப் பொறியாளர் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தனர். வெளிப்புற ஒலிபரப்பு வண்டிபோன்ற குறுகிய இடங்களுக்கென 1970களில் அவர்கள் உருவாக்கிய எல்.எஸ். 3/5ஏ என்னும் ஒலிபெருக்கி ஓரடி உயரமே உடையது. குரலின் இயல்புக்காக இன்றும் போற்றப்படுவது. இடிமுழக்கத்தை அதனிடம் எதிர்பார்த்தல் பிழை. சிறிய அறைக்கு ஐந்து அல்லது ஆறு அங்குல ஊஃபரும் ஒரு ட்வீட்டரும் கொண்ட பெட்டியே அமையும். அவ்விரண்டும் ஒலியைக் கைமாற்றிக் கொள்ளும் இடம் பெரும்பாலும் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். லகர, ளகர, ழகரங்களைப் பிரித்தறியும் குறிப்புகளும் அப்பகுதியை அடுத்தே உள்ளன. கைமாற்றம் செம்மையாக இல்லாத பெட்டியில் குரல் இரண்டாகப் பிளந்து கேட்கும். ட்வீட்டர் அமர்ந்தவர் காதுயரத்தில் இருத்தல் வேண்டும். தரையில் வைத்தால் முழங்காலுக்குத்தான் கவிதை கேட்கும்.

அத்தமிழாசிரியர் பெரிய இணையைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு ஐந்தங்குல இணை ஒன்றைப் பெற்றார். அதனை மூலையிலிருந்து விலக்கி, சுவருக்கு ஒன்றரை அடி முன்னால் மேசைமேல் ஏற்றினார். நாற்காலியை நடுவிடத்திலிருந்து இரண்டரை அடி பின்னே தள்ளினார்; 114 ஹெர்ட்ஸ் முழக்கம் ஓயும் இடம் அது. பூட்டிக் கிடந்த நூல் அலமாரிகள் இரண்டும் இவ்வறைக்கு வந்தன. ஐயத்துக்குரிய சொல் 'வளி' என்று தெளிந்தது. இருவர் எழுதியதும் அன்று.

ஆசான் ஒரு வெண்பாவை முடித்து அடுத்ததைத் தொடங்குமுன் தாள் புரளும் ஓசை பேத்திக்குக் கேட்கிறது. அவர்க்கு அது கேட்கவில்லை. அவ்விடங்களில் அவள் கை காட்டுகிறாள். அவர் ஏட்டில் புதிய எண் இடுகிறார். இன்னும் பதினோரு வெண்பாக்கள் எஞ்சியுள்ளன.