தெரிந்த மொழியும் தெரியாத எழுத்தும்



பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தில் கணினியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலருக்கேனும் தோன்றலாம். சங்கப் பாடல் தொடங்கிப் புதுக்கவிதை வரை அடுத்த தலைமுறையிடம் கொண்டு சேர்ப்போருள் முதன்மையானவர் கல்லூரித் தமிழாசிரியர். அவர் கையில் இன்று கணினியும் கைப்பேசியும் கற்பித்தற் கருவிகளாக வந்து சேர்ந்துள்ளன. அவற்றை அவர் எவ்வாறு பழகுகிறார், பழகும்போது அவருக்குத் துணை யார் என்பது கவிதையின் வாழ்வோடும் தொடர்புடைய வினாவாகும்.

இவ்வினாவுக்கு விடை தேடத் தேங்காய்ப்பட்டணமே தக்க இடம். 1944-இல் இவ்வூரில் பிறந்த தோப்பில் முகமது மீரான் பள்ளியில் மலையாளம் வழியே பயின்றவர். தென் திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகள் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தபோது அவருக்கு வயது 12. நாவில் இருந்தது இக்கடற்கரையின் தமிழ். கைக்குப் பழகியிருந்ததோ மலையாள எழுத்து. தொடக்கத்தில் அவர் தமிழை மலையாள எழுத்துகளால் எழுதினார். பிறர் துணையோடு அது தமிழ் எழுத்துக்கு மாறியது. அவ்வாறு எழுத வந்தவரின் ‘சாய்வு நாற்காலி’ 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ‘எழுத்தைக் கற்றுக்கொண்டு வா’ என்று அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால் இக்கரையின் கதை எழுதப்படாமலே போயிருக்கும் அன்றோ?

கருவிப் பயிற்சிக் கூடத்தில் தயங்கி அமர்ந்திருக்கும் தமிழாசிரியரின் நிலையும் இத்தகையதே. முப்பதாண்டுகள் தொல்காப்பியம் நடத்தியவர் அவர். மொழி அவரிடம் நிறைந்திருக்கிறது. கருவியின் எழுத்து மட்டுமே புதிது.

கணினித் தமிழின் வரலாறு நெடியது. 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. உலகெங்கும் உள்ள தமிழன்பர்கள் ஊதியமின்றித் தட்டச்சிட்டுப் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் வைத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 விசைப்பலகை உருவாயிற்று. 2001-இல் தோன்றிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாகத் திகழ்கிறது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. இவ்வளவும் நிகழ்ந்தபோது வகுப்பறைத் தமிழாசிரியருள் பலர் விலகியே நின்றனர். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டன. விலகி நின்றவரும் சின்னஞ்சிறு திரையின் முன் அமர்ந்து பாடம் நடத்த நேர்ந்தது.

அதன்பின் பயிற்சிகள் பெருகின. ஆனால் அவற்றுள் பல கருவியிலிருந்தே தொடங்குகின்றன. ஒரே நாளில் பத்துச் செயலிகளின் பெயர்கள் சொல்லப்படும். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்டப்படும். மாலையில் சான்றிதழ் வழங்கப்படும். இளையோர் சூழ அமர்ந்திருக்கும் மூத்த ஆசிரியர் தமக்கு விளங்காததைக் கேட்க நாணுவார். வீடு திரும்பும்போது சான்றிதழ் கையில் இருக்கும்; கருவியோ அந்நியமாகவே இருக்கும்.

பயிற்சி ஆசிரியரின் பாடத்திலிருந்து தொடங்கினால் நிலைமை மாறும். நெய்தல் பாடல்களில் கடல் என்னும் சொல் எங்கெங்கு வருகிறது என்று மின்நூலில் தேடச் சொல்லலாம். ‘கடல்’ என்று தட்டச்சிட்டால் அவ்வடிவம் மட்டுமே அகப்படும். ‘கடலின்’ வாராது, லகரம் உயிரேறி நிற்பதால் கணினிக்கு அது வேறு எழுத்துக் கோவை. ‘கடற்கரை’யும் வாராது, வல்லினம் வர லகரம் றகரமாகத் திரிந்துவிட்டது. முந்நீர், பௌவம், ஆழி என்னும் ஒரு பொருட் சொற்களைப் பொறி எண்ணியும் பார்ப்பதில்லை. இங்கே கருவி தோற்கும் இடத்தில் புணர்ச்சி இலக்கணம் உயிர்பெறுகிறது. வகுப்பில் உறங்கிய மாணவனும் நிமிர்ந்து அமர்வான். தம் இலக்கண அறிவின்றிக் கருவி முழுமையுறாது என்பதை உணரும் ஆசிரியரின் அச்சம் அக்கணமே குறையும்.

செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் வந்துள்ள இந்நாளில் இத்தெளிவு இன்னும் இன்றியமையாதது. இல்லாத பாடலைச் சங்கப் பாடல் என்று எண்ணோடும் புலவர் பெயரோடும் தரும் துணிவு அவற்றுக்கு உண்டு. கரமடி இழுப்போரின் பேச்சைப் பதிவு செய்து எழுத்தாக்கச் சொன்னால், அறியாத வட்டாரச் சொல்லை அறிந்த வேறொரு சொல்லாக அவை எழுதிவிடுவதும் உண்டு. பதிப்போடு ஒப்பிட்டுப் பொய்யைப் பிடிப்பவரும், இவ்வூர்ச் சொல் இதுவே என்று திருத்துபவரும் கற்றறிந்த ஆசிரியரே. அவர் கருவியை அஞ்சி ஒதுங்கினால், மாணவன் பொறியின் சொல்லையே மெய்யென்று கொள்வான். இழப்பு அங்கேதான் நேர்கிறது.

இன்னோர் இழப்பும் கண்முன் நிகழ்கிறது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட பாடக்குறிப்புகள், கவிதைகள், ஆய்வுரைகள் பல கணினிகளில் உறங்குகின்றன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள்கள் உள்ளன. ஆயினும் மாற்றியதை வரிவரியாக ஒப்புநோக்க, அவற்றை எழுதியவர் உடனிருத்தல் வேண்டும். எழுதியோர் ஒவ்வொருவராக ஓய்வு பெற்று வருகின்றனர்.

ஆசிரியருக்கு வேண்டுவன மூன்று: பழகுவதற்கு நேரம், தவறு செய்ய உரிமை, பாடத்துக்கு உதவாத கருவியை வேண்டாம் என்று சொல்லும் உரிமை. இவற்றைத் தருவதில் கல்லூரிகள் காலம் தாழ்த்தலாம். இலக்கிய வட்டம் தாழ்த்த வேண்டியதில்லை. திங்கள்தோறும் ஒரு மாலை, ஓர் ஆசிரியரும் ஒரு மாணவரும் அருகருகே அமரட்டும். இளையவர் விசையைக் காட்டட்டும்; மூத்தவர் பாடலை விளக்கட்டும். முதற்பணியாக, வட்டத்தின் பத்தாண்டுக் கவிதைகளை ஒருங்குறியில் ஏற்றி ஒப்புநோக்கட்டும்.

எழுத்து மாற்றித் தர ஒரு துணை கிடைத்ததால் தேங்காய்ப்பட்டணத்தின் குரல் தமிழுக்குக் கிடைத்தது. அத்துணையை இன்று ஆசிரியருக்கு அளிப்பது இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணியாகட்டும்.