கெடிலக்கரையிலிருந்து தில்லைக் கோபுரம் வரை

கடலூருக்கு ரயிலில் வந்தால் திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் இறங்கிக்கொள்ளுங்கள். பாடலீசுவரர் கோயில் நடக்கிற தூரம்தான். கடைத்தெருச் சத்தம் ராஜகோபுரம் வரை கூடவே வரும். உள்ளே போனால் பாதிரி மரம், பெரியநாயகி அம்மன், திருநாவுக்கரசர். இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் இவ்வளவும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இந்த ஊரில் ஒரு காலத்தில் புகழ்பெற்ற சமணப் பள்ளி இருந்தது. லோகவிபாகம் என்ற சமண நூலைச் சர்வநந்தி என்ற முனிவர் கி.பி. 458இல் இங்கே எழுதி முடித்தார். அன்று ஊரின் பெயர் பாடலிபுரம்.

பிற்காலத்தில் திருநாவுக்கரசர் ஆன, திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் இந்தப் பள்ளிக்கு வந்து, சமணம் கற்று, தருமசேனர் என்ற பெயரில் தலைமை நிலைக்கு உயர்ந்தார். பிறகு சூலை நோய் பிடித்தது. வலி தாங்காமல் இரவோடு இரவாகத் திருவதிகைக்குப் போய், தமக்கை திலகவதியார் கையால் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு சைவரானார்.

சமயம் மாறியது அவர் சொந்த விஷயம் என்று யாரும் விடவில்லை. வழக்கு பல்லவ மன்னனிடம் போனது. மகேந்திரவர்மன்தான் அந்த மன்னன் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அரசன் ஆள் அனுப்பி அழைத்தான். நாங்கள் யாருக்கும் குடிமக்கள் அல்ல, எமனுக்கும் அஞ்சமாட்டோம் என்ற பொருளில் நாவுக்கரசர் பாடிய பதிகம் மறுமாற்றத் திருத்தாண்டகம். சமயக் குற்றம் ராஜத்துரோகமாக மாறும் இடம் இது. அரசனின் சமயமான சமணத்தை மறுத்தவர் இப்போது அரசனின் ஆணையையும் மறுத்துவிட்டார்.

அதன்பின் நடந்ததைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். கொதிக்கும் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்தார்கள். நஞ்சு கலந்த பாற்சோறு கொடுத்தார்கள். மத யானையை ஏவினார்கள். கடைசியில் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளினார்கள். கல் தெப்பமாக மிதந்தது. அவர் கரை சேர்ந்த இடம் பக்கத்திலேயே இருக்கிறது, கரையேறவிட்ட குப்பம். சித்திரை மாதத்தில் அங்கே விழா எடுக்கிறார்கள். போக முடிந்தால் போய்ப் பாருங்கள்.

கதையை அத்தோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அரசன் பிறகு சைவனானான். பாடலிபுரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுபோய்த் திருவதிகையில் குணபரவீச்சரம் எழுப்பினான். இதையும் சேக்கிழாரே சொல்கிறார், பெருமையாகவே சொல்கிறார். நாவுக்கரசரின் ஒவ்வொரு துன்பத்துக்கும் பாட்டு உண்டு. கூரை இழந்த அந்தத் துறவிகள் எங்கே போனார்கள் என்பதற்குப் பாட்டு இல்லை. இதற்காக நான் வருந்துகிறேன்.

தில்லை எனப்படும் சிதம்பரம் இங்கிருந்து தெற்கே சுமார் 45 கிலோமீட்டர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் கடந்தால் ஊர் வந்துவிடும். பெரியபுராணம் அரங்கேறியது இங்கே நடராசர் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில்தான், 12ஆம் நூற்றாண்டில். சேக்கிழாரை ஆதரித்த சோழன் இரண்டாம் குலோத்துங்கன். தில்லை முற்றத்தில் பள்ளிகொண்டிருந்த திருமாலைக் கடலில் எறிந்தவனும் அவனே. அவையில் இருந்த ஒட்டக்கூத்தர் அதைத் தம் அரசனின் புகழாகவே பாடிவைத்தார். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அடியாரின் கதை காவியமான அதே ஆட்சியில்தான் வேறொரு கூட்டத்தாரின் தெய்வம் கடலுக்குப் போனது.

1539இல் விஜயநகரத்து அச்சுதராயர் அந்தத் திருமாலை, கோவிந்தராசரை, மறுபடி எழுந்தருளச் செய்தார். இன்று ஓரிடத்தில் நின்றபடியே நடராசரையும் பெருமாளையும் சேர்த்துக் கும்பிடலாம்.

ஆனால் பகை அதோடு தீரவில்லை. 1597இல் செஞ்சி நாயக்கர் கிருஷ்ணப்பர் பெருமாள் சந்நிதித் திருப்பணியைத் தொடங்கினார். நடராசர் கோயில் அர்ச்சகர்களான தீட்சிதர்கள் எதிர்த்தார்கள். வேலை நடந்தால் கோபுரத்திலிருந்து குதிப்போம் என்றார்கள். நாயக்கர் பின்வாங்கவில்லை. அவர் கோயிலுக்குள் இருக்கும்போதே ஒருவர் பின் ஒருவராகக் கோபுரத்தில் ஏறிக் குதித்தார்கள். இருபது பேர் செத்தார்கள். கோபம்கொண்ட நாயக்கர் மற்றவர்களைச் சுடச் சொன்னார். இருவர் குண்டடி பட்டு இறந்தார்கள், மற்றவர்கள் ஓடிப்போனார்கள். ஒரு பெண் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டாள். அப்போது சிதம்பரத்துக்கு வந்திருந்த நிக்கோலஸ் பிமெண்டா என்ற இயேசு சபைப் பாதிரியார் எழுதிவைத்த செய்தி இது.

பிமெண்டாவைப் போன்ற கத்தோலிக்கர்கள் ஐரோப்பாவில் என்ன பாடுபட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திருச்சபையின் தலைமை அரசனுக்கே என்பதை ஏற்காத தாமஸ் மோரின் தலையை 1535இல் லண்டனில் வெட்டினார்கள். போப்பின் அதிகாரத்தில் பட்டம் பெற்ற குரு இங்கிலாந்தில் தங்கினாலே ராஜத்துரோகம் என்று 1585இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்படி இயேசு சபைக் கவிஞர் ராபர்ட் சவுத்வெல் தூக்கில் தொங்கியது 1595இல், அதாவது தில்லைக் கோபுரத்திலிருந்து இருபது பேர் விழுவதற்கு இரண்டே ஆண்டு முன்னால்.

கோயிலுக்குள் போகிறவர்கள் நான்கு கோபுரங்களையும் அண்ணாந்து பாருங்கள். ஒவ்வொன்றும் ஏழு நிலை. இறந்தவர்களின் பெயர் எதையும் பிமெண்டா எழுதவில்லை. கோவிந்தராசருக்குப் பிரம்மோற்சவம் நடத்தலாமா கூடாதா என்ற சச்சரவு நம் காலத்திலும் எழுந்தது. இந்த முறை அது சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இரு தரப்பு வழக்கறிஞர்களும் எழுந்து வாதாடினார்கள்.