இளையர் மனநலமும் தமிழ் வகுப்பும்



நாம் திருத்திய ஒரு கட்டுரையிலிருந்து இவ்வுரையைத் தொடங்குகிறோம். விடுமுறையைப் பற்றி எழுதச் சொன்னபோது, உயர்நிலைப்பள்ளி மாணவி ஒருவர், ‘பாட்டி இறந்த பிறகு வீட்டிற்கு போகவே பிடிக்கவில்லை’ என்று எழுதியிருந்தார். நாம் ‘வீட்டிற்கு’ என்பதை அடுத்து ஒரு ‘ப்’ இட்டு, மதிப்பெண் அளித்து, தாளைத் திருப்பித் தந்தோம். ஒற்றுப்பிழை கண்ணில் பட்டது, துயரம் படவில்லை. அவர் அடிக்கடி பள்ளிக்கு வராமல் இருந்தபோதுதான் அந்த வரி நினைவுக்கு வந்தது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகிய அழுகை நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறது. இகழப்படுதல், இழத்தல், முன்னைய நிலையிலிருந்து தாழ்தல், வறுமை என்பன அவை. இவற்றை நம் மாணவர் வாழ்வோடு பொருத்திப் பார்ப்போம். வகுப்பிலும் சமூக ஊடகத்திலும் கேலிக்கு ஆளாகும் பிள்ளை இகழ்ச்சியால் வருந்துகிறது. பெற்றோரின் மணமுறிவும் பாட்டியின் மறைவும் இழப்புகள். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் எதிர்பார்த்த மதிப்பெண் கிட்டாத பன்னிரண்டு வயதுச் சிறுவர் தம்மைத் தாழ்ந்தவராக எண்ணுகிறார். பள்ளிச் சுற்றுலாவிற்குப் பணம் கேட்கத் தயங்கும் பிள்ளையை வறுமை வாட்டுகிறது. ஒருவர் ஏன் அழுகிறார் என்று வினவுவது நம் மரபிற்குப் புதிதன்று.

ஆயினும் நாம் வினவுவதில்லை. ‘இதெல்லாம் ஒரு கவலையா?’, ‘எங்கள் காலத்தில் எவ்வளவு துன்பப்பட்டோம் தெரியுமா?’ என்று பேச்சை முடித்துவிடுகிறோம். மனநல ஆலோசகரிடம் செல்லலாம் என்றால், ‘என் பிள்ளைக்கு என்ன பைத்தியமா?’ என்று பெற்றோர் சினக்கின்றனர். ‘ஆலோசனை’ என்னும் சொல்லும் சிலரை மயங்கவைக்கிறது. ஆலோசகர் அறிவுரை கூறிப் பிள்ளையைத் திருத்திவிடுவார் என்று அவர்கள் எதிர்பார்க்கின்றனர்.

மனநல ஆலோசனையில் கேட்பதே முதற்பணி. பேசத் தெரியாத சிறு பிள்ளைகளின் மனநிலையை விளையாட்டு, ஓவியம் ஆகியவற்றின் வழி ஆலோசகர் அறிகிறார். பதின்ம வயதினரிடம் எண்ணம், உணர்வு, செயல் மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு தூண்டுகின்றன என்று ஆராய்கிறார். ‘இத்தேர்வில் தவறினால் என் வாழ்வே முடிந்தது’ என்னும் எண்ணத்திற்கு என்ன சான்று என்று இருவரும் சேர்ந்து பார்க்கின்றனர். தேவைப்பட்டால் குடும்பத்தாரையும் அழைக்கிறார். பகிர்ந்தவை காக்கப்படும், உயிருக்கு ஆபத்து போன்ற நிலைகளில் மட்டும் பிறருக்குத் தெரிவிக்கப்படும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்.

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் ஆலோசகர்கள் உள்ளனர். 2009ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘சேட்’ மையம் 16 முதல் 30 வயது வரையிலான இளையர்க்கு உதவுகிறது. சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 1767 என்னும் எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். தற்கொலை முயற்சி 2020ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் இங்குக் குற்றமாகக் கருதப்படுவதில்லை. ஆகவே சட்டத்திற்கு அஞ்சி எவரும் உதவி கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

ஆசிரியர்கள் சிகிச்சை அளிப்பவர்கள் அல்லர். ஆயினும் பல வேளைகளில் முதலில் கேட்பவர்கள் அவர்களே. கட்டுரையில் துயரம் தெரிந்தால், மாணவரைத் தனியே அழைத்து, ‘இதைப் படித்தேன், எப்படி இருக்கிறாய்?’ என்று கேட்கலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்று நேரே கேட்பதும் தவறன்று. கேட்பதனால் அவ்வெண்ணம் முளைத்துவிடாது. ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று மட்டும் வாக்களிக்க வேண்டா. ஆலோசகரிடம் உடன் அழைத்துச் செல்லுங்கள். மாணவர்களே, நண்பர் ஒருவர் இவ்வாறு உங்களிடம் பகிர்ந்தால், அதை நீங்கள் மட்டும் சுமக்காமல் நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் கூறுங்கள்.

அந்த மாணவியை நாம் பிந்தித்தான் அழைத்துப் பேசினோம். வீட்டில் தம்முடன் தமிழில் பேசியவர் பாட்டி ஒருவரே என்றார். அதற்கு மேல் சொல்லத் தமிழ்ச் சொற்கள் அவருக்குக் கிட்டவில்லை. ஏக்கம், தவிப்பு, மனப்புழுக்கம், உளைச்சல் என்று எத்தனையோ சொற்கள் நம்மிடம் உண்டு. அவற்றை நாம் தேர்வுக்கான சொற்களாகவே கற்பித்திருந்தோம். அன்று அவரோடு ஆலோசகர் அறை வரை நடந்து சென்றோம். அடுத்த கட்டுரைக் கட்டைத் திருத்தும்போது, சிவப்பு மையைத் தொடுமுன் ஒருமுறை முழுவதும் படித்தோம். தாங்களும் அவ்வாறே செய்ய வேண்டும் என்று வேண்டி அமைகிறோம்.